இரண்டரை என்று எழுதியவன் நான்

கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது என்று நான் சொன்னது பொய். இலவசமாகக் கிடைத்த மென்பொருள், அதனால்தான் இப்படி என்று கூடவே சொன்னது அதைவிடப் பெரிய பொய்.

டெல்டாவில் ஒரு சிறிய ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். அப்பாவுக்கும் இதே தொழில்தான். எங்கள் இரண்டு பேரையும் நம்பி நிலம் விற்றவர்கள், வாங்கியவர்கள், பாகம் பிரித்துக்கொண்டவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் செய்த துரோகத்தை ஒளிக்காமல் எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

முதலில் எங்கள் தொழிலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது சின்ன விஷயமாகத் தோன்றும்.

பட்டாவில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். விலை பேசுகிறவர்கள் செண்ட், ஏக்கர் என்பார்கள். பெரியவர்கள் இன்னமும் குழி, மா, வேலி என்பார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய ஆறு ஏக்கர் அறுபத்தொரு செண்ட். பழைய புலப்படங்களை எடுத்தால் அதில் லிங்க்ஸ் வந்து நிற்கும். 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணியாகப் பிரித்த கணக்கு அது. 1956ல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து நாடு படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறியது. படி போய் லிட்டரும் சேர் போய் கிலோவும் சந்தைக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. நிலத்துக்கு மட்டும் தாமதமாகத்தான் வந்தது. யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1980களில் நடந்தபோதுதான் பட்டாக்கள் ஹெக்டேர், ஏர் என்று ஆயின.

பட்டா மாறியது, பேச்சு மாறவில்லை. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தால்கூட ஒரே மனைக்குப் பிரிட்டிஷ் அளவில் ஒரு தொகை, மெட்ரிக் அளவில் ஒரு தொகை என்று இரண்டும் இருக்கும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை இன்றும் அடியில்தான் கேட்கிறோம், 120 அடி என்றால்தான் எங்களுக்கு மனம் நிறையும். அதே வயலுக்குப் போடும் யூரியாவைக் கிலோவில் வாங்குகிறோம். கம்பி மில்லிமீட்டரில், தளம் சதுர அடியில், ஜல்லி யூனிட்டில். இரண்டு அளவுகளுக்கும் நடுவில் நின்று மாற்றிச் சொல்கிற ஆள் ஒருவன் எல்லாத் தொழிலிலும் வேண்டியிருக்கிறது. நிலத்தில் அந்த ஆள் நான்.

ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு ஏருக்கு 2.471 செண்ட். இந்த எண் எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதிலேயே அப்பா மனப்பாடம் செய்ய வைத்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

தெரிந்தும் நான் இரண்டரை என்றுதான் வைத்துக்கொண்டேன். வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தாள் எடுக்காமல், மனக்கணக்காகப் பட்டென்று சொல்லலாம். நாலு ஏரா, பத்து செண்ட். எட்டு ஏரா, இருபது செண்ட். கேட்டவர்களுக்கு என்மேல் மரியாதை கூடியது. மனைக்கட்டு அளவில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இரண்டு ஏருக்கு ஐந்து செண்ட் என்று நான் எழுதினால் உண்மையில் அது 4.94 செண்ட். யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததையே சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் மாலையில் எங்கள் வரிசைக்கு டீ குடிக்க வருவார். அவர் ஒருவர்தான் கேட்டார். “ஏரை முதல்ல எழுதுங்க தம்பி, செண்டைப் பின்னால எழுதுங்க. பட்டாவுல எது இருக்கோ அதுதான் பத்திரத்துக்கு வேர்” என்பார். நான் விடமாட்டேன். ஏர் என்பது ஆபீசர்களின் அளவு, மண்ணில் கால் வைக்கிறவனுக்குச் செண்ட்தான் தெரியும், விவசாயிக்குப் புரியாததைப் பத்திரத்தில் எழுதுவது அநியாயம் என்று சத்தமாகப் பேசுவேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் பொறுமையாக, “புரியணும்னுதான் ரெண்டையும் எழுதச் சொல்றேன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

விவசாயிக்காக நான் வாதாடியதாக அன்று நானே நம்பினேன். இப்போது பார்த்தால் அது உண்மையில்லை. ஏரில் யோசிக்க எனக்கு வரவில்லை. பதினாறு ஏர் என்றால் எவ்வளவு அகலம், எத்தனை நடை என்று என் மனதில் எழாது. நாற்பது செண்ட் என்றால் வரப்போடு தெரியும். கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டதை மக்கள் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டேன். செண்டை நான் குறை சொல்லவில்லை. அப்பா குழியில் எழுதியதிலும் குறை இல்லை. குழிக்கு 144 சதுர அடி என்று தெரிந்துதான் அவர் எழுதினார்.

இனி அந்த மென்பொருள் விஷயம். என் அக்கா மகன் பிளஸ் டூ படித்தபோது அரசின் விலையில்லா மடிக்கணினி அவனுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கியது. அவனோடு படித்தவர்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. இவன் போனான். பாலிடெக்னிக் படிக்கும்போதே ஊரில் நாலைந்து கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுத்து, சட்டைக்கும் செருப்புக்கும் அம்மாவிடம் கேட்காத பிள்ளையாக இருந்தான்.

என் கம்ப்யூட்டரில் அதுவரை இருந்தது, காசு கொடுத்து வாங்கவேண்டிய ஆபீஸ் மென்பொருளின் திருட்டுப் பிரதி. ஒருமுறை வைரஸ் புகுந்து பழைய பத்திர வாசகங்கள் பாதி போய்விட்டன. அவன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமா, சொத்து யாருதுன்னு எழுதுற கம்ப்யூட்டர்ல திருட்டுக் காப்பி இருக்கலாமா? லிப்ரேஆஃபீஸ் போட்டுத் தரேன். பைசா வேணாம்.” போட்டான். வானவில் எழுத்துருவில் இருந்ததையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றினான். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, குத்தகை என்று ஒவ்வொன்றுக்கும் மாதிரிப் படிவம் செய்துவைத்தான். இரவு பத்து மணிக்கு மேல்கூட உட்கார்ந்திருக்கிறான். நான் கொடுத்தது டீயும் போண்டாவும்.

அந்த மென்பொருளின் கதையைச் சொல்வதில் அவனுக்கு ஆசை. ஜெர்மனியில் ஸ்டார்ஆஃபீஸ் என்று தொடங்கியதை 1999ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. ஓபன்ஆஃபீஸ் பிறந்தது. சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனபிறகு, 2010ல் அதில் வேலை செய்தவர்கள் பலர் பிரிந்து வந்து லிப்ரேஆஃபீஸைத் தொடங்கினார்கள். அதன் கோப்பு வடிவத்தை ஐ.எஸ்.ஓ. 2006லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. நம் அரசின் எல்காட் நிறுவனத்திலேயே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது ஓபன்ஆஃபீஸைப் பரப்பினார்கள். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். காசில்லாமல் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் உள்ளே அசையாமல் இருந்தது. சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன், மதிக்கவில்லை.

நிறுவிய அன்றே அவன் ஒன்று கேட்டான். “மாமா, இதுல மொழி அமைப்பு அமெரிக்க இங்கிலீஷ்னு இருக்கு. அதான் எல்லாம் இஞ்சுல காட்டுது, தாளும் லெட்டர் சைஸ்னு எடுத்துக்குது. இந்தியான்னு மாத்திடவா? சென்டிமீட்டரும் ஏ4உம் வந்துடும்.” நான் வேண்டாம் என்றேன். இஞ்ச்தான் எனக்குப் பழக்கம், அப்படியே இருக்கட்டும் என்றேன். தாளையாவது ஏ4 ஆக்கட்டுமா என்றதற்கும் எதையும் தொடாதே என்றேன்.

லெட்டர் தாள் எட்டரைக்குப் பதினொன்று இஞ்ச், அதாவது 21.6க்கு 27.9 சென்டிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 21க்கு 29.7. பிரிண்டர் லெட்டர் தாள் கேட்டு நின்றுகொள்ளும். பக்கத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்துக்கு விட்ட இடம் மேலே ஏறிக்கொள்ளும். ஒருநாள் முத்திரைத்தாளின் ஓரத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலில் அளந்து இரண்டு என்று தட்டினேன். நான் அளந்தது சென்டிமீட்டர், பெட்டியில் இருந்தது இஞ்ச். வரிகளெல்லாம் உள்ளே ஒடுங்கி ஒரு முத்திரைத்தாள் வீணானது. அந்தப் பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் செ.மீ. குறியைச் சேர்த்து அடித்தாலே போதும், அதுவே இஞ்சாக மாற்றிக்கொள்ளும். அவன் எனக்கு அதைக் காட்டியிருக்கிறான். எதிரில் இருந்த கட்சிக்காரரிடம், “ஓசி சாஃப்ட்வேர் சார், இப்படித்தான் படுத்தும்” என்றேன். பிற்பாடு சொன்ன பெரிய பொய்க்கு அந்தச் சின்னப் பொய் ஒத்திகை ஆகிவிட்டது.

பரப்பு மாற்றுவதற்கு அதன் கணக்குத்தாளில், கால்க் என்பார்கள், நானே ஒரு பட்டியல் போட்டேன். மருமகன் போடவில்லை. ஒரு கட்டத்தில் ஏர், அடுத்த கட்டத்தில் செண்ட். சூத்திரத்தில் என் கையால் 2.5 என்று அடித்தேன். அதுவரை வாயில் இருந்த தப்பு இப்போது இயந்திரத்துக்குள் போனது. வாயால் சொன்னால் என்றைக்காவது ஒருநாள் சந்தேகம் வந்து சரிபார்த்திருப்பேன். திரையில் தசமப் புள்ளியோடு தெரிந்ததும் அது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

அப்படி எழுதியதில் ஒன்று, இரண்டு அண்ணன்களும் ஒரு தங்கையும் செய்துகொண்ட பாகப்பிரிவினை. அவர்களுடைய அப்பா இறந்தபிறகு மூன்று பேரும் ஒற்றுமையாக வந்தார்கள். பெண்ணுக்கும் சமபங்கு என்று பெரியவரே சொன்னார். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்பது அபூர்வம் என்பதால் எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. பட்டாவில் மொத்தப் பரப்பு 48 ஏர். என் கணக்குத்தாள் 120 செண்ட் என்றது. ஆளுக்கு நாற்பது. என்ன அழகாகப் பிரிகிறது பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். மேற்கே பெரியவருக்கு, நடுவில் சின்னவருக்கு, கிழக்கே தங்கைக்கு. நான்கெல்லை எழுதி, ஆளுக்கு 40 செண்ட் என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினேன். ஏரை எங்கும் எழுதவில்லை.

48 ஏர் என்பது 118.61 செண்ட். 120 செண்ட் அந்த நிலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

பெரியவர் மேற்கு வரப்பிலிருந்து டேப் பிடித்து நாற்பது செண்டுக்குக் கல் ஊன்றி முள்வேலி போட்டார். சின்னவர் அந்தக் கல்லிலிருந்து நாற்பது அளந்து ஓரத்தில் மோட்டார் கொட்டகை கட்டினார். தங்கை வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பங்கு அளக்கப்படாமல் கிடந்தது. சில வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்காக விற்க வந்தார். அதற்குள் புறவழிச்சாலை வந்து அந்தப் பக்கம் விலை ஏறியிருந்தது. வாங்குகிறவர் நில அளவரைக் கூட்டிவந்து அளந்தார். 38.61 செண்ட்தான் இருந்தது. பத்திரத்துக்கும் மண்ணுக்கும் 1.39 செண்ட் வித்தியாசம். சதுர அடியில் சொன்னால் அறுநூறுக்கு மேல். ஒரு சின்ன வீடு கட்டுகிற இடம்.

அந்த அம்மா பத்திரத்தோடு என்னிடம் வந்தார். “அண்ணே, நாப்பதுன்னு நீங்கதான் எழுதினீங்க. அளந்தா முப்பத்தெட்டரைதான் வருதுங்கறாங்க. மிச்சம் எங்கண்ணே போச்சு?”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இதை அழுத்திச் சொல்கிறேன். யோசித்துக் கண்டுபிடிக்கவேண்டிய நிலை எனக்கு இல்லை. 48, 2.5, 120 என்ற மூன்று எண்ணும் வரிசையாக மனதில் வந்து நின்றன. அந்த நிமிஷத்தில், “அம்மா, தப்பு என்னுடையது” என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் இன்னும் இரண்டு எழுத்தர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் படம் சுவரில் இருந்தது. நான் சொன்னது: “கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருக்கும்மா. ஓசி சாஃப்ட்வேர். அக்கா மகன் போட்டுக்குடுத்தான், அவனைத்தான் கேக்கணும்.”

அவனை வரவழைத்தேன். அவன் கணக்குத்தாளைத் திறந்து அந்தக் கட்டத்தில் வைத்துச் சொடுக்கினான். மேலே சூத்திரப் பட்டையில் பெருக்கல் குறியும் 2.5உம் தெரிந்தன. அந்தக் கணக்குத்தாளை அவன் செய்யவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவைப் பார்த்தான். “நான் சரி பண்ணிடறேன் மாமா” என்றான். என் மானத்தைக் காப்பாற்றினான். இருபது சொச்சம் வயதுப் பிள்ளை தலைகுனிந்து நிற்க, நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்ததில் மிகக் கேவலமானது அதுதான். 2.5 என்று அடித்தது அலட்சியம். அவனை நிற்கவைத்தது அயோக்கியத்தனம்.

பேச்சு பரவியது. அந்தப் பையன் போட்டுத்தரும் சாஃப்ட்வேர் நிலத்தையே குறைத்துவிடும் என்று சொன்னார்கள். அவன் லிப்ரேஆஃபீஸ் போட்டுக்கொடுத்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்கள். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய பாக்கியைக்கூடக் கொடுக்கவில்லை. நானும் என் மேசையிலிருந்து அதை எடுத்துவிட்டு மறுபடி ஒரு திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொண்டேன். அதில் புதிதாகப் பட்டியல் போட்டபோது 2.471 என்று அடித்தேன். இனித் தப்பு வராது, புது சாஃப்ட்வேர் என்று வந்தவர்களிடம் சொன்னேன். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தக் குடும்பத்துக்கு நடந்ததை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பொய் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

நியாயமாக ஆளுக்கு 39.54 செண்ட் வரவேண்டும். அண்ணன்கள் இருவரும் ஆளுக்கு அரை செண்டுக்கும் குறைவாக விட்டுக்கொடுத்து, கல்லை மேற்கே தள்ளி, மூன்று பேரும் சேர்ந்து பிழைத்திருத்தல் ஆவணம் எழுதிப் பதிந்திருந்தால் முடிந்திருக்கும். பெண்ணுக்குச் சமபங்கு என்று முதலில் சொன்ன பெரியவர் அதற்கு மறுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவரிடம் போய்ச் சேர்ந்தது, கம்ப்யூட்டர் பிசகிவிட்டது என்ற செய்தி. இயந்திரம் செய்த தப்பு என்றதும் அது மழை வெள்ளத்தில் கரை போனது மாதிரி ஆகிவிட்டது. யாரும் பொறுப்பில்லை, யார் தலையில் விழுந்ததோ அவர் தாங்கிக்கொள்ளவேண்டியதுதான். “எங்களுக்கு நாப்பதுன்னு பத்திரம் இருக்கு, அளந்து கல்லு போட்டாச்சு. கம்ப்யூட்டர் தப்புக்கு நாங்க என்ன பண்றது?” என்றார்கள். எழுதியவன் நான், என் பெருக்கல் தப்பு, மூன்று பங்குமே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று நான் போய் நின்றிருந்தால், அந்த இரண்டு பங்கிலும் தப்பு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கையின் பங்கில் மட்டும் ஏதோ குறைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் நான் சொன்ன பொய்.

அந்த அம்மா 38.61 செண்டுக்குத்தான் காசு வாங்கினார். அண்ணன் வீட்டுக்கு அதன்பிறகு போக்குவரத்து குறைந்தது என்று கேள்விப்பட்டேன்.

என்னை உறுத்திக்கொண்டே இருப்பது இன்னொன்று. 48 ஏரை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 16 ஏர். மிச்சம் இல்லை, பின்னம் இல்லை. அழகாகப் பிரிகிறது என்று சொல்லவேண்டிய இடம் அங்கே இருந்தது. பட்டாவில் இருந்தபடியே எழுதியிருந்தால் பெருக்கவே தேவையில்லை, தப்புக்கு இடமே இல்லை. டீக்கடையில் நான் அவ்வளவு சத்தமாக எதிர்த்த அந்த அளவு, அந்தக் குடும்பத்துக்குச் சண்டையில்லாத பத்திரத்தைக் கொடுத்திருக்கும்.

மனம் தாங்காமல் நான் முதலில் சொன்னது அந்த ஓய்வுபெற்ற அளவரிடம்தான். அவர் திட்டவில்லை. 1983 ஜூலையில் கனடாவில் நடந்த ஒரு விமானச் சம்பவத்தைச் சொன்னார். ஏர் கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த போயிங் 767ல் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. தொட்டியில் இருந்த லிட்டரைக் கையால் கணக்குப் போட்டு எடையாக்கினார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்று பெருக்கவேண்டிய இடத்தில், பழைய பழக்கத்தில், பவுண்டுக்கான 1.77ஐ வைத்துப் பெருக்கிவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பி, நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி அதைச் சறுக்கியே கொண்டுபோய் கிம்லி என்ற இடத்தில் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். “கிலோவும் தப்பு பண்ணலை, பவுண்டும் தப்பு பண்ணலை தம்பி. நடுவுல வெச்ச எண்ணு தப்பு. அதை வெச்சது மனுஷன். விசாரிச்சாங்க, கண்டுபிடிச்சாங்க, எழுதிவெச்சாங்க. அதனாலதான் எனக்கே தெரியுது” என்றார்.

நான் எழுதிவைக்கவில்லை என்பதை அவர் சொல்லாமல் சொன்னார்.

அந்த அம்மாவைத் தேடிப்போய்ச் சொன்னேன். காசும் எடுத்துப்போனேன். 0.93 செண்டுக்கு அன்றைய விலையைக் கணக்குப் போட்டேன். அவருக்கு நியாயமாக வரவேண்டியதில் குறைந்தது அவ்வளவு. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கே சொல்லியிருந்தா அண்ணன்கிட்ட பேசியிருப்பேனே. காசு பரவால்லண்ணே, அது போயிடுச்சு. எங்க அண்ணன் ஏமாத்திட்டார்னு இத்தனை நாளா நெனச்சுட்டேன்” என்றார். காசை வாங்கிக்கொண்டார். வாங்கியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்குக்கூட நான் தகுதியானவன் இல்லை.

மருமகனுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொல்லி முடித்தபிறகு, “தெரியும் மாமா” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் மறுபடி லிப்ரேஆஃபீஸ் நிறுவ வழி சொன்னான். இந்தமுறை மொழி அமைப்பை இந்தியா என்று வைத்தேன். அளவு சென்டிமீட்டர், தாள் ஏ4. அதன் கணக்குத்தாளில் கன்வர்ட் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது என்றும் சொன்னான். அதற்குத் தெரிந்த பரப்பளவுகளின் பட்டியலில் ஏரும் உண்டு, ஹெக்டேரும் உண்டு, ஏக்கரும் உண்டு. 48 ஏர் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் 1.186 என்று சொல்லும். அதாவது 118.6 செண்ட். என் மேசையில் அந்த மென்பொருள் இருந்த நாளெல்லாம் சரியான எண் அதற்குள் இருந்தது. நான் கேட்கவில்லை. என் எண்ணை அதற்குள் திணித்துவிட்டு, வந்த விடைக்கு அதைக் குற்றவாளி ஆக்கினேன்.

அந்தக் கடைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், பையன்மேல் தப்பில்லை என்று சொல்லிவருகிறேன். சிலர் நம்புகிறார்கள். சிலர், பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் பாக்கியை இன்னும் கொடுக்கவில்லை.

நான் இப்போது எழுதும் எல்லாப் பத்திரத்திலும் சொத்து விவரத்தில் முதல் வரியில் பட்டாவில் உள்ளபடி ஹெக்டேர், ஏர் இருக்கும். அடுத்த வரியில் அதற்குச் சரியான செண்ட். கட்சிக்காரருக்கு எதிரிலேயே இரண்டையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் வரிசையில் இருக்கும் மற்ற எழுத்தர்களுக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறேன். இரண்டரை என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

என்னிடம் பத்திரம் எழுதியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பத்திரத்தில் செண்ட் மட்டும் இருந்து ஏர் இல்லையென்றால், பட்டாவில் உள்ள ஏரை 2.471ஆல் பெருக்கிப் பாருங்கள். பத்திரத்தில் அதைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் தாய்ப்பத்திரத்தையும் பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிழைத்திருத்தல் ஆவணத்தைக் கூலி வாங்காமல் எழுதித் தருகிறேன். முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் என்னுடையது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். அவர்கள் வர மறுத்தால் விலாசம் கொடுங்கள். நான் போய், தப்பு யாருடையது என்று சொல்லிக் கேட்கிறேன்.